நாற்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை

"முப்பத்தேழு" என்று ஹேமலதா சொன்னதும் மயிலாத்தாள் கையிலிருந்த சிவப்பு வயரின் நுனியை, வயர் சொருகும் டெர்மினல் வரிசையில் முப்பத்தேழாவதில் தொட்டாள், கார்டின் முகத்தில் கடுகளவுப் பச்சை விளக்கு ஒன்று விழித்தது, ஹேமலதா லேப்டாப்பைப் பார்த்தபடி "வந்துருச்சு" என்றாள், குடிநீர்த் திட்டத்திலிருந்து டெஸ்ட் பார்க்க வந்து ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த ஞானதுரை சார் தாளில் ஒரு டிக் அடித்தார். காலை பத்தரையிலிருந்து இப்படியே போகிறது. ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை ஒரு விளக்குகூட முரண்டு பிடிக்கவில்லை. பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு தொடுகைக்கும் விளக்கு விழிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. கட்டிய புருசன் ராக்கியண்ணனிடம் ஒரு தடவை இதை விளக்கப் பார்த்தாள். பீரோ மாதிரி நிக்குதே, இதுதானுங்க பம்ப் ஹவுசுக்கு மூளை, மூளைக்கு வெளிய நடக்கறது தெரிய வேண்டாமா, தொட்டி ரொம்பிருச்சா, வால்வு மூடிருச்சா, மோட்டார் சுத்துதா, ஒவ்வொரு சேதிக்கும் ஒரு வயரு, வயருல கரண்டு வந்தா ஆமா, வரலீன்னா இல்ல, அந்த ஆமா இல்லைகள வாங்கிக்கிற பலகைதான் இந்தக் கார்டு, ஒரு கார்டுக்குப் பதினாறு, நாலு கார்டுக்கு அறுவத்து நாலு. கட்டியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "நம்மூட்ல ஆமாங்கறதுக்கும் இல்லீங்கறதுக்கும் நீ ஒருத்தி போதுமே புள்ள, அவனுகளுக்கு எதுக்கு அறுவத்து நாலு?" சிரித்துவிட்டாள் அன்றைக்கு. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வந்தது, ஆனால் முப்பத்தெட்டு என்ற குரல் வந்துவிட்டது, தொட்டாள், எரிந்தது, வந்துருச்சு, டிக்.

பேனலின் கதவு அகலத் திறந்து கிடந்தது. எத்தனையோ பேனல் கட்டியிருக்கிறாள், இது மாதிரி ஒன்று வந்ததில்லை. மேலிருந்து கீழே வரும் வயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் வளைந்து, ஒரே அளவில் நுழைந்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளைக் குழாயில் கறுப்பு நம்பர், எல்லா நம்பரும் இடமிருந்து வலமாகப் படிக்கிற மாதிரி ஒரே பக்கம் பார்த்து. காலையில் வந்ததும் ஞானதுரை சார் கதவுக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். "யாரு கட்டுனது?" என்று கேட்டார். முதலாளி சென்னியப்பன் திரும்பிப் பார்த்து, "நம்ம மயிலம்மாதாங்க" என்றார். "தனியாவா?" "தனியாத்தானுங்க." சார் வயர்கள் ஓடும் பிளாஸ்டிக் டக்ட்டின் மூடிகள் மேல் தன் கையெழுத்திட்ட காகிதச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். டெஸ்ட் தொடங்கியபின் யாரும் உள்ளே கை வைக்கக்கூடாது, வைக்க வேண்டுமென்றால் அவரிடம் சொல்லிவிட்டு, அவர் எதிரில், தாளில் எழுதிய பிறகு. அந்தத் தாள்தான். அதன் கடைசிப் பக்கத்தில் வயரிங் செய்தவர் பெயர், கையெழுத்து என்று ஒரு கட்டம் இருந்தது. இருபத்திரண்டு வருசத்தில் அவள் கட்டிய பேனல்களுக்கெல்லாம் அந்தக் கட்டத்தில் யார் யாரோ போட்டார்கள், டிப்ளமா படித்து வந்து ஆறு மாதத்தில் ஓசூருக்கு ஓடிப்போனவர்கள், ஒரு வயரைக்கூட முறுக்கிப் பார்க்காதவர்கள். இந்தக் குடிநீர்த் திட்டக்காரர்கள்தான் வேறு மாதிரி. எந்தக் கை கட்டியதோ அந்தக் கைதான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்களாம். முதலாளி போன வியாழக்கிழமை வந்து சொன்னார். "உங்க கையெழுத்துதானுங்க மயிலம்மா. தப்பு ஒன்னும் இல்லாம வந்துச்சுன்னா வயரிங் செக்ஷனே இனி உங்க பொறுப்பு. ஒன்னு வந்தாலும் என்னால பேச முடியாதுங்க, எட்டாவது படிச்சவங்கள எப்படிப் போட்டன்னு கேப்பாங்க, அப்புறம் ஒரு டிப்ளமாக்காரரப் பாக்க வேண்டியதுதான்." தப்பு எண்ணிக்கை என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்திலேயே பெயர்க் கட்டம். ஒரு சைபர், அடுத்து அவள் பெயர். அவ்வளவுதான் கேட்டாள் சாமியிடம்.

முப்பத்தொன்பது. வந்துருச்சு. எட்டாவதுகூட முழுசாக இல்லை, பாதி. அதை முதலாளியிடம் சொன்னதில்லை, எட்டாவது என்று எழுதிக்கொடுத்தாள், அதுவே ஒரு பொய்தானோ, யாராவது சர்ட்டிபிகேட் கேட்டால். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு சோமனூரில் தறிக்கு நூல்தார் சுற்றப் போனாள், தறிக் குடோனில் நாள் முழுக்க நூல், மூக்கில் பஞ்சு, காதில் தடதட. இங்கிலீஷ் பாதியோடு நின்றுபோனது. இன்றைக்கும் ஒரு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வராது. ஆனால் டிராயிங் வேறு. டிராயிங்கில் இங்கிலீஷ் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கோடு, ஒரு கோடு எங்கே புறப்பட்டு எங்கே போய் நிற்கிறது என்பதுதான். பாவு நூலில் எது அறுந்தது என்று விரல் வைத்துக் கண்டுபிடித்தவளுக்கு அது என்ன பெரிய சமாசாரம். நாற்பது. வந்துருச்சு, டிக். ஹேமலதா கழுத்தை ஒருமுறை நெட்டி முறித்துக்கொண்டாள். நல்ல பெண், முப்பது வயதுக்குள் இத்தனை தெரிந்து வைத்திருக்கிறாள், வயர் எல்லாம் முடிந்த பிறகு லேப்டாப்பைச் சொருகி ஒவ்வொரு கார்டுக்கும் முகவரி கொடுத்து, எந்தச் சேதி எங்கே போகணும் என்று எழுதினவள் அவள்தான். அன்றைக்கு ஒன்று சொன்னாள். "சுவிட்சு மூடும்போது ஒரு நடுக்கம் இருக்குமுங்க்கா, ஒட்டும் விடும் ஒட்டும் விடும். கார்டு அதை நம்பிறக் கூடாது. பத்து மில்லி செகண்ட் பொறுத்துப் பாத்துட்டு அப்பறம் ஆமான்னு சொல்லுன்னு செட் பண்ணி வெச்சுருக்கறேன்." அது மயிலாத்தாளுக்குப் பிடித்துப்போயிற்று. தனக்கு அப்படி யாரும் செட் பண்ணி விடவில்லை. ஒரு நடுக்கம் வந்தால் போதும், அப்போதே நம்பிவிடுவாள். கேஸை அணைத்தோமா, வாசல் பூட்டைப் பூட்டினோமா, பஸ்ஸில் கணபதி ஸ்டாப் வரும்வரைக்கும் அதே நினைப்பு, இரண்டு தடவை இறங்கித் திரும்பியும் போயிருக்கிறாள், இரண்டு தடவையும் பூட்டு பூட்டித்தான் இருந்தது.

"நாப்பத்தொன்னு." தொட்டாள், எரிந்தது. எரிந்ததைப் பார்க்கிற கண் கொஞ்சம் கீழே நழுவி, டெர்மினல் வரிசையின் ஓரத்தில் மஞ்சள் டேப் சுற்றிய இரண்டு துண்டு வயர்களில் போய் நின்றது. லூப். வெளியே போகிற வயர்களுக்குக் கரண்ட் கொடுக்க பம்ப் ஹவுசில் தனியாக ஒரு சப்ளை இருக்கும், வெளியில் இடி விழுந்தாலும் ஷார்ட் ஆனாலும் மூளைக்கு வரக்கூடாது என்று. பட்டறையில் அந்தச் சப்ளை கிடையாது. அதனால் டெஸ்ட் நாளில் பேனலின் உள் சப்ளையிலிருந்தே, பிளஸுக்கு ஒன்று மைனஸுக்கு ஒன்று என்று இரண்டு துண்டை இழுத்து வெளி டெர்மினலில் கொடுத்துவிடுவார்கள். சின்னவேடம்பட்டியில் இந்தப் பட்டறை தொடங்கின நாளிலிருந்து இதுதான் வழக்கம், டெஸ்ட் முடிந்ததும் மறக்காமல் கழற்றத்தான் மஞ்சள் டேப். ஆயிரம் தடவை பார்த்த வயர்கள். இன்றைக்கு ஏன் கண் அங்கேயே நிற்கிறது. நாற்பத்திரண்டு, தொட்டாள், வந்துருச்சு. கரண்டுக்குப் போகிற வழி மட்டும் இருந்தால் போதாது, திரும்பும் வழியும் வேண்டும். எட்டு சேதிக்கு ஒரு திரும்பும் வயர், அதற்குக் காமன் என்று பேர், நாலு கார்டுக்கும் சேர்த்து எட்டு காமன். எந்தச் சப்ளையிலிருந்து புறப்பட்டதோ அதன் மைனஸுக்கே திரும்ப வேண்டும். உள் மைனஸ் டெர்மினலும் வெளி மைனஸ் டெர்மினலும் அடுத்தடுத்து இருக்கின்றன, இரண்டும் சாம்பல் நிறம், இரண்டுக்கும் நீல வயர். லூப் இருக்கிற வரைக்கும் அந்த இரண்டு மைனஸும் ஒன்றுதான். காமனை எதில் சொருகியிருந்தாலும் விளக்கு எரியும். அப்படியென்றால் காலையிலிருந்து எரிந்த நாற்பத்திரண்டு விளக்கும் காமனைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "அக்கா, நாப்பத்து மூனு." "ஆங், இந்தா." நம்பர் குழாய் மேல் விரல் வழுக்கியது. உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள்.

பயப்பட ஒன்றுமில்லை, அவள் கட்டியது, அவளுக்குத் தெரியாதா. எட்டு காமனையும் வியாழக்கிழமைதான் சொருகினாள், எல்லாம் வெளி மைனஸுக்கு. முதலாவது சொருகும்போது மின்வெட்டு வந்து ஜெனரேட்டர் ஓடியது, ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதற்கு வயர் அரை விரற்கடை குறைந்துபோய் வேறு வெட்டினாள். மூன்றாவதும் நாலாவதும் ஒரே மூச்சில். ஐந்தாவதை இழுக்கும்போது நகத்தில் செம்புக் கம்பி குத்தி ரத்தம், இப்போதும் அந்த இடம் கறுத்திருக்கிறது. ஏழாவது, டீ வந்துவிட்டது, டீயை வைத்துவிட்டு முடித்தாள், எட்டாவதுக்குள் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. ஆறாவது. நாற்பத்து நாலு, வந்துருச்சு. ஐந்தாவதில் ரத்தம், ஏழாவதில் டீ, நடுவில் ஆறாவது. ஆறாவது எந்த ஞாபகமும் இல்லாமல் வெறுமையாக இருந்தது, ஒரு பல் விழுந்த இடம் மாதிரி, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போனது. ஆறாவது காமன் என்றால் மூன்றாம் கார்டின் பின்பாதி. நாற்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு வரை. இப்போது தொட்டுக்கொண்டிருக்கிற எட்டு. சொருகினாள், சொருகாமல் விளக்கு எரியாது, ஆனால் எதில். கை தானாகச் செய்திருக்கும், கைக்குத் தெரியும், இருபத்திரண்டு வருசத்துக் கை. மனசு எங்கே போயிருந்தது அந்த நேரத்தில். மகன் போன் பண்ணினானா, இல்லை, அவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வெயிலா, தலைவலியா. "நாப்பத்தஞ்சு. இது குளோரின்" என்றாள் ஹேமலதா. ஞானதுரை சார் முதல் தடவையாக ஸ்டூலிலிருந்து முன்னால் சாய்ந்தார். குளோரின் சிலிண்டர் அறையில் கேஸ் கசிந்தால் வருகிற சேதி அது. தொட்டாள். எரிந்தது. எரிந்த அந்த விளக்கை அவளால் பார்க்க முடியவில்லை. மற்ற விளக்கெல்லாம் பம்ப் ஹவுசில் எரிந்தும் அணைந்தும் இருக்கும், ஒன்று வராவிட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். இது மட்டும் கசிந்தால்தான் எரியும். நல்ல நாளெல்லாம் இருட்டாகவே இருக்கும். செத்த வயரும் நல்ல நாளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வருசக்கணக்கில் இருக்கும், அந்த அறைக்குள் ஒருத்தர் சாவியோடு போகிற நாள் வரைக்கும்.

நாற்பத்தெட்டு முடிந்ததும் டீ வந்தது. ஞானதுரை சார் டம்ளரை எடுத்துக்கொண்டு போன் பேச வாசலுக்குப் போனார், "ஆமாலெ, நாலு மணி டிரெயினு, முடிஞ்சிரும்" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. மயிலாத்தாள் டீயைக் குடிக்கவில்லை. டக்ட் மூடியின் மேல் ஒட்டியிருந்த காகிதச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மூடிக்குக் கீழேதான் இருக்கிறது, ஒரு ஜாண் தூரத்தில், தூக்கினால் தெரிந்துவிடும், தப்பாக இருந்தால் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி நீல வயரைப் பக்கத்து டெர்மினலுக்கு மாற்ற எத்தனை நேரம் ஆகும், ஒரு நிமிசம். சீட்டு கிழியும். கிழியாவிட்டாலும் அது திருட்டு வேலை. ஹேமலதா பக்கத்தில் வந்தாள். "ஏனுங்க்கா முகம் வேர்த்துருக்குது? இன்னும் பதினாறுதான். சைபர்தான் வரும் பாருங்க." மயிலாத்தாள் குரலைத் தாழ்த்தி, "அம்மிணி, லூப்பக் கழட்டுனா நாப்பத்தொன்னுலருந்து எரியுமா?" என்றாள். ஹேமலதாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது, புரிந்ததும் அவள் கண் முதலாளியைத் தேடியது. "காமனா? தப்பாப் போட்டுட்டீங்களா?" "தெரியலையே. போட்டனா போடலையான்னு தெரியலையே." "தெரியலீன்னா சரியாத்தான் இருக்கும், விடுங்க. நீங்க பூட்டைப் பூட்டுனமான்னு பஸ்ஸுல இருந்து எறங்கிப் போறவங்க." முதலாளி டம்ளரோடு வந்து நின்றார், பாதி காதில் விழுந்திருக்க வேண்டும். "எதுவா இருந்தாலும் சைட்ல பாத்துக்குவாங்க மயிலம்மா. அங்க ஒரு தடவ டெஸ்ட் பண்ணாமயா ஓட்டிருவாங்க." சைட்டில் பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பட்டறையில் தினமும் கேட்கிற வார்த்தை, அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். சைட்டில் இருக்கிறவன் அதை முன்னமே பட்டறையில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வான், தாளில் டிக் இருக்கிறதே. தாளின் கடைசியில் அவள் பெயர் இருக்கிறதே. கட்டியவர் போன வாரம் பல் குத்திக்கொண்டே சொன்னார், "கையெழுத்துப் போட்டா கரண்டு சாஸ்தி வருமா புள்ள?" 

நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று. கை தொட்டது, விளக்கு எரிந்தது, அவள் வியாழக்கிழமைக்குள் நடந்துகொண்டிருந்தாள். ஐந்தாவது. ரத்தம். விரலை வாயில் வைத்தாள், இரும்பு ருசி. அப்புறம் செருப்புச் சத்தம், முதலாளி வந்தார், பக்கவாட்டில் நின்றார், அவள் கையில் ஒரு நீல வயர் இருந்தது, நுனியில் லக் என்கிற உலோக மூக்கு அழுத்தி, நம்பர் குழாய் மாட்டிய வயர். உங்க கையெழுத்துதானுங்க மயிலம்மா. ஆமாம், அப்போதுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவள் குனிந்தாள். குனிந்து, டெர்மினலைப் பார்த்துக்கொண்டே, எப்படி எழுதுவது என்று யோசித்தாள். அப்பன் இன்ஷியல் க, கட்டியவர் இன்ஷியல் ரா, எதைப் போடுவது, பாங்கியில் இன்ஷியல் இல்லாமல்தான், கடைசி ள் எப்போதும் வாலை நீட்டிக் கட்டத்துக்கு வெளியே போய்விடும், இதில் போகக்கூடாது, சுருக்கி எழுத வேண்டும், அப்போது இப்படி ஒரு திருப்பு திருப்பினாள், ஸ்க்ரூ டிரைவரைத்தான் திருப்பினாள், மனசில் ள் எழுதிக்கொண்டே. அதுதான் ஆறாவது. பல் விழுந்த இடத்தில் இருந்தது அதுதான். அவள் பெயர். சந்தோசத்தில் மிதந்துகொண்டு ஒருத்தி வயர் சொருகியிருக்கிறாள், எதில் சொருகினாள் என்று அந்தச் சந்தோசத்துக்குத் தெரியாது. அறுபது, அறுபத்தொன்று. சரியாகவும் இருக்கலாம். இரண்டே டெர்மினல்தானே, பாதிக்குப் பாதி. பூட்டு பூட்டித்தான் இருந்தது இரண்டு தடவையும். கேட்டு, சார் மூடியைத் திறந்து, சரியாக இருந்தால் பைத்தியக்காரி என்பார்கள், தப்பாக இருந்தால் சைபர் போச்சு, செக்ஷன் போச்சு, கேட்காவிட்டால் எதுவும் போகாது. அறுபத்து நாலு. தொட்டாள். கடைசிப் பச்சை விளக்கு. "வந்துருச்சு" என்றாள் ஹேமலதா. முதலாளி இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார். ஞானதுரை சார் தாளைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்து பேனாவைத் திறந்தார். "சுத்தமான வேல. ரொம்ப நாளைக்கப்புறம் பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தப்பு எண்ணிக்கைக் கட்டத்துக்கு மேல் பேனாவைக் கொண்டுபோனார், அந்த வார்த்தை காதில் விழுந்து உடம்பெல்லாம் சூடாகப் பரவியது, அது பரவி முடிவதற்குள் அவள் வாய் திறந்துவிட்டது. "எழுதாதீங்க சார்."

பட்டறையில் ஒரு டிரில்லிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்ற பிறகுதான் அவளுக்குத் தன் குரல் கேட்டது. "லூப்பக் கழட்டிட்டு, மேசை மேல இருக்குதே அந்தத் தனி சப்ளை, அதுலருந்து வெளி டெர்மினலுக்குக் கரண்டு குடுத்து நாப்பத்தொன்னுலருந்து எட்டு மட்டும் மறுக்காப் பாக்கோணுமுங்க சார். லூப்புல எல்லாமே எரியும். காமன் தப்பா இருந்தாலும் எரியும்." முதலாளி, "அதெல்லாம் அவசியமில்லீங்க சார், அவங்களுக்கு எப்பவும் ஒரு சந்தேகம்" என்று சிரிக்கப் பார்த்தார். ஞானதுரை சார் சிரிக்கவில்லை. பேனாவை மூடாமல் அவளைப் பார்த்தார். "தப்பு இருக்குன்னு சொல்லுதியளா, இருக்கலாம்னு சொல்லுதியளா?" "இருக்கலாமுன்னு சொல்றனுங்க. ஏழு காமன் எனக்குத் தெரியும். இது ஒன்னு எதுல சொருகுனன்னு எனக்கு ஞாபகமில்ல." "கட்டுனவங்களே இப்படிக் கேட்டு நான் பாத்ததில்ல." "எனக்கும் கேக்கோணும்னு ஆசையில்லீங்க சார்." ஹேமலதா தலையைக் குனிந்துகொண்டு உதட்டைக் கடித்தாள். அவரே எழுந்து மஞ்சள் டேப் வயர் இரண்டையும் கழற்றினார், தனி சப்ளையைக் கொண்டுவரச் சொன்னார், மாட்டினார், சிவப்பு வயரை அவளிடமே நீட்டினார். முதலில் நாற்பது, ஒரு ஒப்புக்கு. எரிந்தது. நாற்பத்தொன்று. மயிலாத்தாள் தொட்டாள். கார்டு அவளைச் சும்மா பார்த்தது. அழுத்தித் தொட்டாள். ஹேமலதா லேப்டாப் திரையைச் சாய்த்துப் பார்த்தாள், எதுவும் வரவில்லை. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. நாற்பத்து நாலு. நாற்பத்தஞ்சில் சார், "போதும்மா" என்றார், ஆனால் அவள் நிறுத்தவில்லை, நாற்பத்தெட்டு வரைக்கும் எட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொன்றையும் இருட்டாகவே பார்த்துவிட்டு, நாற்பத்தொன்பதில் வைத்தாள். பச்சை.  பயந்தபடி பயமாக இல்லை என்பதுதான் விசித்திரம்.  கண்டுபிடித்துவிட்டாள். பூட்டு இந்தத் தடவை திறந்துதான் கிடந்தது, அவள்தான் இறங்கித் திரும்பி வந்தாள்.

சீட்டைக் கிழித்து மூடியைத் தூக்கினபோது முதலாளியும் எட்டிப் பார்த்தார். நீல வயர், கழுத்தில் சரியான நம்பர், எழுத்து சரி, லக் சரி, இறுக்கம் சரி, நின்ற இடம் மட்டும் ஒரு டெர்மினல் தள்ளி. அவள் ஸ்க்ரூவைத் தளர்த்தி, எடுத்து, பக்கத்தில் சொருகி, இறுக்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டும் எரிந்தன. ஞானதுரை சார் சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளில் எழுதினார், என்ன தப்பு, எந்த இடம், எப்படிச் சரி செய்தது. பிறகு ஒரு கட்டத்தில் நிறுத்தி, "தப்பக் கண்டுபிடிச்சது யாருன்னு தாள்ல கேட்டிருக்கு. வழக்கமா என் பேரத்தான் போடுவேன். உங்க பேரு என்ன, முழுப் பேரு சொல்லுங்க" என்றார். "மயிலாத்தாளுங்க." "இன்ஷியல்?" வியாழக்கிழமை அத்தனை நேரம் யோசித்தது. "வேண்டாமுங்க சார், பேரே போதும்." அவர் எழுதினார். தப்பு எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்று என்று போட்டு, தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளி, நீலப் பேனாவைக் கொடுத்தார். அந்த ஒன்றைப் பார்த்தாள். சைபர் வட்டமாக, அழகாக இருந்திருக்கும். இது சிவப்பாக, நேராக நின்றது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்து, அதை ஒட்டினாற்போல் தன் பெயரை எழுதினாள், ள் வாலை நீட்டிக் கட்டத்துக்கு வெளியே போயிற்று, அவள் அதைப் பிடித்து இழுக்கவில்லை. ஹேமலதா தோளில் லேசாக இடித்தாள். "கை நடுங்கவே இல்லீங்க்கா." முதலாளி தாளை எடுத்து அந்த ஒன்றைப் பார்த்தார். அவர் பார்வைக்கு என்ன அர்த்தம், டிப்ளமாக்காரரா, யார் வருவார், நாளைக்கே வருவாரா என்று அவள் மனசு ஓடத் தொடங்குவதற்குள் ஞானதுரை சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஒன்னாம் நம்பர் பேனலு போன வாரம் பாத்தோம்லா. அதுவும் லூப் போட்டுத்தான?"  கேட்டின் ஓரத்தில், இதே திட்டத்துக்கான அந்த முதல் பேனல் மரப்பெட்டிக்குள் ஆணி அடித்து, லாரிக்குத் தயாராக நின்றது, அதைக் கட்டினது வேறு மூன்று பேர். "நானும் பதினெட்டு வருசமா லூப் போட்டுத்தான் பாக்கேன்" என்றார் அவர், தனக்கே சொல்வதுபோல. பிறகு நாலு மணி ரயிலுக்கு வரமுடியாதென்று போனில் யாருக்கோ சொல்லி, ராத்திரி வண்டிக்கு மாற்றச் சொன்னார். முதலாளி பெருமூச்சு விட்டார். லாரிக்காரனிடம் போய் இன்றைக்கு இல்லை என்றார். திரும்பி வந்து, "ஆணியப் புடுங்கச் சொல்றனுங்க மயிலம்மா. ஆனா நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க. இனிமே நீங்க பாக்காம இங்கிருந்து ஒன்னும் வெளிய போக வேண்டாம்" என்றார். அவர் குரலில் சந்தோசம் இல்லை, கோபமும் இல்லை, ஒரு கணக்கு முடிந்தவர் மாதிரி இருந்தது. மயிலாத்தாள் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரையும் சிவப்பு வயரையும் எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். பின்னால் ஸ்டூலை இழுக்கிற சத்தமும், லேப்டாப்பை மூடுகிற சத்தமும், இரண்டு ஜோடிச் செருப்புகள் அவள் நடைக்கு ஈடுகொடுத்து வேகமாக வருகிற சத்தமும் கேட்டன.